அம்மாவின் மூச்சுத்திணறலும் அறை வாடகைக் கணக்கும்

நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த என் அம்மாவுக்கு சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் சளி பிடித்து, மூன்றாம் நாள் இரவு ஆக்சிஜன் அளவு 82க்கு இறங்கியபோது, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில், முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் பைபாப் கருவியுடன் மூன்று நாள், அதன்பின் தனி அறையில் ஐந்து நாள் இருந்தார்.

காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது, அம்மா புகைபிடிப்பவரா என்பதையே. வாழ்நாளில் பீடியைத் தொடாதவர் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அடுத்து, சேர்க்கைக் குறிப்பில் செவிலியர் “10 ஆண்டாக இழைப்பு” என்று எழுதியிருந்ததைக் காட்டி, நோயை மறைத்துக் காப்பீடு எடுத்தீர்களா என்றார்கள். ஆறு ஆண்டுகள் இடைவெளியின்றிப் புதுப்பித்திருந்தோம். தொடர்ந்து 60 மாதங்கள் கடந்த காப்பீட்டில், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, அந்தக் காரணத்தால் மறுக்க இயலாது என்ற விதியைச் சுட்டிக்காட்டியபின் ஒப்புதல் வந்தது.

மொத்தப் பில் 1,38,000 ரூபாய். அதில் 45,000 ரூபாயை நாங்கள் கட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் காப்பீட்டுத் தொகை 3 லட்சம்; அறை வாடகைக்கு அதில் 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 6,000. சேர்க்கும் பதற்றத்தில் 4,500 ரூபாய் அறைக்குத் தலையாட்டியது என் பிழை. வாடகை வித்தியாசம் 7,500, தீவிர சிகிச்சைப் பிரிவின் கூடுதல் 9,000, கையுறை, நெபுலைசர் கிட் போன்றவை 4,500 ஆகியவற்றை ஏற்றுக்கொண்டேன். அறை வாடகையில் மூன்றில் ஒரு பங்கு வரம்பை மீறியதால், மருத்துவர், செவிலியர் கட்டணத்திலும் அதே விகிதத்தில் 6,000 கழித்ததும் ஒப்பந்தப்படி சரியே.

உறுத்தியது மீதமிருந்த 18,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆன 54,000 ரூபாயிலும் அதே மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள். அறை எதுவானாலும் இரத்த வாயுப் பரிசோதனைக்கும் ஸ்டீராய்டு ஊசிக்கும் விலை ஒன்றுதானே? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, மருந்து, நுகர்பொருள், பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதாசாரக் கழிவு செல்லாது. அன்று பணத்தைக் கட்டி அம்மாவை அழைத்துவந்த பிறகு, ஒவ்வொரு வரியாகப் பிரித்த பில், கழிவுக் கணக்குத் தாள், ஒப்பந்தத்தின் அறை வாடகைப் பக்கம் ஆகியவற்றை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைபேசியில் பேசிய எதற்கும் பதிவு இருக்கவில்லை என்பதால் எல்லாவற்றையும் எழுத்திலேயே கேட்டேன். பன்னிரண்டாம் நாள், விளக்கம் எதுவுமில்லாமல், 18,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது.

தை மாதம் மறுபடியும் திணறல் வந்தது. சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் அறை விலைப் பட்டியலை நீட்டியபோது, முகமூடியால் பேச முடியாத அம்மா, பட்டியலில் 2,800 ரூபாய் என்றிருந்த இருவர் அறையைக் காட்டி இரண்டு விரல்களை உயர்த்தினார்.