எழுத்து வரையாத கட்டம்

15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அத்தியாயத் தொடக்கத்தில் பெரிதாக வரும், தங்கப் பூச்சும் கொடியும் இலையுமான முதலெழுத்துகளைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நான் தேடுவது, எழுத்தே வரையாமல் விட்டுப்போன கட்டங்களை.

அத்தியாயத் தொடக்கத்தில் நாலைந்து வரி உயரத்துக்கு வெற்றிடம். அதற்குள் கடுகளவில் ஒரு சின்ன 'எஸ்' அல்லது 'டி'. கையால் வரையப்போகிறவருக்கு அது குறிப்பு. அச்சகத்தின் வேலை அதோடு சரி. புத்தகம் பெரும்பாலும் தைக்காத தாள்களாகத்தான் விற்பனையானது. பைண்டிங்கும் வண்ணமும் வாங்கியவர் பாடு. 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளிலும் முதலெழுத்துகள் கையால்தான் வரையப்பட்டன. அதனால்தான் ஒரு பிரதி ஜொலிக்கிறது, இன்னொன்று அடக்கமாக இருக்கிறது. வேறு பல புத்தகங்களில் வாங்கியவருக்குக் காசு போதவில்லையோ, பொறுமை இல்லையோ, கட்டம் அப்படியே நின்றுவிட்டது.

இந்த முதலெழுத்தையும் அச்சிலேயே முடிப்போம் என்று அதே ஊர் அச்சகக்காரர்களான ஃபுஸ்டும் ஷோஃபரும் இறங்கினார்கள். 1457-இல் அவர்கள் வெளியிட்ட மைன்ஸ் சங்கீதப் புத்தகத்தில் (பைபிளின் துதிப்பாடல் தொகுப்பு) பெரிய எழுத்துகள் சிவப்பிலும் நீலத்திலும் அச்சாகியிருக்கின்றன. எழுத்து ஒரு துண்டு, சுற்றியுள்ள பூவேலை இன்னொரு துண்டு. தனித்தனியே மை தடவி ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்த வேண்டும். அழகுதான். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் இந்தக் கூத்தென்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஜெயித்தது, முதலெழுத்தைச் செதுக்கிய மரக்கட்டை. ஈய எழுத்துகளின் உயரத்துக்குச் செதுக்கினால் அவற்றோடு சேர்த்தே பூட்டி, ஒரே மையில் அச்சிடலாம். வெனிஸில் எர்ஹார்ட் ராட்டோல்ட் 1482-இல் அச்சிட்ட யூக்ளிட்டின் வடிவியல் நூலைப் பாருங்கள்: கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கொடிகள். வண்ணம் இல்லையே என்று தோன்றவே தோன்றாது.

அப்புறம், கட்டை லேசில் தேயாது; ஒரு புத்தகத்துக்குச் செதுக்கியதை இன்னொன்றிலும் போடலாம். 1543-இல் பாசெலில் அச்சான வெசாலியஸின் உடற்கூறு நூல் மாதிரி, விஷயத்துக்கென்றே செதுக்கியவையும் உண்டு. அதன் முதலெழுத்துகளுக்குள் குண்டுக் குழந்தைகள் அறுவை வேலை செய்துகொண்டிருக்கும். ஆனால் பலரும் கையிலிருந்த கட்டையைத்தான் கிடைத்த இடத்தில் செருகினார்கள். 1572-இல் லண்டனில் வெளிவந்த பிஷப்புகள் பைபிளில் (இங்கிலாந்துத் திருச்சபை ஆயர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு), எபிரெயருக்கு எழுதிய நிருபம் தொடங்கும் இடத்தில், முதலெழுத்துக்குள் கிரேக்கப் புராணத்து லீடாவும், அவளை மயக்க அன்னமாக வந்த ஜீயஸ் கடவுளும்! அந்தப் பதிப்புக்கு 'லீடா பைபிள்' என்றே பெயர் வந்துவிட்டது. அச்சுக்கோத்தவர் எழுத்து சரியா என்று மட்டும்தான் பார்த்திருப்பார், படத்தைப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.