மாஸ்டர் சிலிண்டரை மாற்றும் முன்

பழைய பிக்கப்பில் பிரேக் பெடல் கீழே போகிறது என்று வாய் திறந்தால் போதும், கேட்கிற எல்லாரும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் பாகம்) போச்சு என்பார்கள். என் வண்டியை எனக்கு விற்றவரும் அதைத்தான் நம்பியிருக்கிறார். மாஸ்டர் சிலிண்டர், முன்பக்க டிஸ்க், பேட் எல்லாம் புதிது, பிரேக் ஆயிலும் புதிது, ஆனால் முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்கும், உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே நின்றுவிடும்.

அந்த இரண்டாவது மிதியைத்தான் கவனிக்க வேண்டும். லைனில் ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருந்தால், ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடிக்கும்போது பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலேயே. இரண்டாவது மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால் எங்கோ இடைவெளி அதிகம் என்று அர்த்தம், பெரும்பாலும் பின்பக்க டிரம்மில் (வீலோடு சுற்றும் இந்த உருளையை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தித்தான் பிரேக் பிடிக்கும்).

இதை உறுதிப்படுத்த ஒரு பாகமும் வாங்க வேண்டாம். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு பெடலை மிதித்துப் பாருங்கள், பெடல் நன்றாக மேலே வந்துவிட்டால் பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது (ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூக்களை இயக்குகிற வண்டிகளில்தான் இது செல்லும்). அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் வீல்களுக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களை (முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று), அதற்கென்று இருக்கிற உருண்டை முனை கிளாம்ப் கொண்டு, மூன்றையும் அடைத்துவிட்டு மிதிக்கலாம். பெடல் மேலேயே கெட்டியாக நின்றால் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்ல முடியாது, அப்புறம் ஒவ்வொன்றாக அவிழ்க்கும்போது எதை விட்டதும் பெடல் விழுகிறதோ அங்கேதான் கோளாறு. ஹோஸ் வெடித்து, காய்ந்துபோயிருந்தால் கிளாம்ப் போடாதீர்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

என் வண்டியில் பின் ஹோஸை விட்டதும் பெடல் விழுந்தது. டிரம்மைக் கழற்றினால் இரண்டு பக்கமும் தானாக அட்ஜஸ்ட் ஆக வேண்டிய நட்சத்திர வீல் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, ஷூ தேயத் தேய அது நகரவே இல்லை. சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர் திசையில் இருக்கும், பக்கம் மாற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றதைப் பிரிப்பது நல்லது, மறந்தால் பார்க்க ஒன்று இருக்கும். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது.

பிரேக் போட்டபின் ஒரு வீல் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு சூடேறுகிறதா? அந்த வீலில் ஏர் எடுக்கிற நிப்பிளைத் திறந்து பாருங்கள். அழுத்தம் வெளியேறி வீல் விட்டுவிட்டால் உள்ளே உப்பி அடைத்துக்கொண்ட ஹோஸ் மேல் சந்தேகப்படலாம், விடவில்லை என்றால் காலிப்பரின் (டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் பாகம்) பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கும். நீண்ட இறக்கத்தில் மட்டும் பெடல் காணாமல் போனால் அது வேறு கதை, ஆயில் கொதிக்கிறது. டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு தரநிலை கேட்பதே 140 தான்.

இப்போது பெடல் சரி, ஆனால் பின் வீல் இன்னும் சோம்பலாகத்தான் பிடிக்கிறது. காரணம் பின் ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் லோடு வால்வு என்று நினைக்கிறேன். ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் உள்ள தூரத்தை ஒரு கம்பி வழியாக அறிந்து, வண்டி காலியாக இருந்தால் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அது குறைக்கும். யாரோ பாரம் ஏற்றுவதற்காக லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து வண்டியின் பின்புறத்தைத் தூக்கியிருக்கிறார்கள், அதனால் முழு லோடு ஏற்றினாலும் வால்வுக்கு வண்டி காலிதான். அடுத்து அந்தக் கம்பியின் அளவை மேனுவலில் உள்ளபடி வைத்துப் பார்க்க வேண்டும்.