ஏலகிரி: ஆட்டோ, பிரியாணி, தூர்கட்டும் புல்

ஏலகிரிப் பயணத்தைச் செலவுக் கணக்கோடு எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வேலூரிலிருந்து கிளம்பியவன் ஆம்பூரைச் சும்மா கடக்க முடியுமா? சீரகச் சம்பா பிரியாணி, புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய்த் தொக்கு. இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில் பட்ஜெட் அங்கேயே சாய்ந்தது.

ஏலகிரி அடிவாரமான பொன்னேரியில் ஆட்டோக்காரர் 700 ரூபாய் கேட்டார். ஏன் என்று கேட்டால், "14 வளைவு சார்" என்றார், அத்தனையையும் அவரே வெட்டிப் போட்டதுபோல. காத்திருந்து அரசு பஸ்ஸில் ஏறினேன். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். வள்ளல் பெயர் வரும்போதெல்லாம் அந்த ஆட்டோக்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

மேலே போனால் வேறு எரிச்சல். தங்கும் விடுதியில் உச்சி வெயிலில் புல்தரைக்குக் குழாய் நீர் பீய்ச்சுகிறார்கள். பக்கத்து நர்சரியில் தென் அமெரிக்கப் பம்பாஸ் புல், ஒரு தொட்டி 350 ரூபாய். மலைக்காரர்களுக்கு மலைப்புல் கண்ணில் படவில்லையா?

இங்குள்ள மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறும் பாதையில் பாருங்கள். பாறை இடுக்கிலெல்லாம் குத்துக்குத்தாக ஊசிப்புல். காற்றடித்தால் சரிவு முழுவதும் செம்பழுப்பாய் அலைகிறது. அதன் விதையின் நீண்ட வால் ஈரம் பட்டால் முறுக்கவிழும், காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். அப்படித் திருகித் திருகியே விதை மண்ணுக்குள் இறங்குகிறது. என் கால்சட்டையையும் மண் என்றே நினைத்துவிட்டது; பிடுங்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆடு மேய்ந்தாலும் தீ ஓடினாலும் இந்தப் புல் பிழைக்கும், குருத்து தரையோடு தரையாக இருப்பதால். நியூசிலாந்தின் மலைப்புற்களும் இப்படி ஒரே அடியிலிருந்து குத்தாகக் கிளைத்துத் தூர்கட்டுபவைதான். ஆனால் குளிரில் பழகிய அவை வேலூரின் மே மாத வெயிலுக்கு ஆகாது.

வீட்டில் வைக்க நினைப்பவர்கள் காப்புக்காட்டில் கைவைக்காதீர்கள். ஊசிப்புல்லும் வேண்டாம், குழந்தைகள் காலில் குத்தும். வெட்டிவேர் வாங்குங்கள். அதுவும் தூர்கட்டும் புல்தான். வேர் பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டருக்கும் கீழே இறங்கும், சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்தும். தூரைப் பிரித்து, இரண்டு மூன்று கிளைப்புகளாக, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, சரிவுக்குக் குறுக்கே 15 சென்டிமீட்டர் இடைவெளியில் மழை தொடங்கும்போது நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட்டால் போதும். பம்பாஸ் விலையில் பாதி சொன்னாலும் பேரம் பேசுங்கள்.