6,700 ரூபாயில் ஒரு சப்வூஃபர்

சித்தப்பாவிடமிருந்து வாங்கிய பழைய வேகன் ஆர் காரில் தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் நாள்தோறும் போய் வருகிறேன். அதில் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. நாதசுரம் தெளிவாகக் கேட்கும். தவிலின் வலந்தலைச் சொற்களும் கேட்கும். இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் அடி மட்டும் அடுத்த தெருவில் விழுவதுபோல மெலிந்துவிடும். கதவில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர்களால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போதிய காற்றைத் தள்ள முடியாது. அத்தகைய தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்றை வைக்கலாம் என்று முடிவு செய்தபோது நான் ஒதுக்கிய தொகை 7,000 ரூபாய்.

பழைய பொருள்களாகவே வாங்கினேன். 12 அங்குல சப்வூஃபர் 1,800 ரூபாய். இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் 2,500 ரூபாய். ஆம்ப்பின் மேல் 1,200 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. அது ஒரு நொடியில் வந்து போகும் உச்சத்தைக் காட்டும் அலங்கார எண். இரண்டு சேனலையும் இணைத்து 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கரை ஓட்டும்போது அது தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு 150 வாட்தான். ஒரு சிறிய காருக்கு அதுவே தாராளம். பழைய சப் வாங்குவோர் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. 4 ஓம் ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் மீட்டரில் 3.2 முதல் 3.6 ஓம் வரை காட்ட வேண்டும். பிறகு கூம்பை இரு கைகளாலும் சமமாக மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே உரசும் ஓசை கேட்டால் அந்தச் சுருள் இடம் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். முதலில் பார்த்த ஒன்றில் அப்படிக் கேட்டதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதுவரை நான் செய்தது சரி. மின்சாரம் கொடுத்த இடத்தில்தான் தவறினேன். வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் அலமாரியில் கிடந்தது. அதையே பேட்டரியிலிருந்து டிக்கி வரை இழுத்து, ஆம்ப்பில் ஏற்கெனவே ஒரு ஃப்யூஸ் இருப்பதால் வேறெதுவும் தேவையில்லை என்று எண்ணிவிட்டேன். மெதுவாக வைத்தால் பாடியது. சற்றுக் கூட்டியதும் ஒவ்வொரு அடிக்கும் ஆம்ப்பின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து, மார்த்தாண்டத்தில் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்த உடனேயே அவர், "இது வீட்டு வயருல்லா மக்கா! ஃப்யூஸ் எங்க?" என்றார். எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டின் ஓட்டையில் ரப்பர் புஷ் போடாமல் வயரை நுழைத்திருந்தேன். தகட்டின் விளிம்பு உறையைப் பாதிக்குமேல் அறுத்திருந்தது. இன்னும் சில நாள்களில் வயரின் செம்பு அந்தத் தகட்டைத் தொட்டிருக்கும். ஆம்ப்பின் அருகில் இருக்கும் ஃப்யூஸ் அப்போது எதற்கும் உதவாது. பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஒரு புள்ளியில் பாய்ந்து வயர் தீப்பிடித்திருக்கும். ஃப்யூஸ் காப்பது வயரை, ஆம்ப்பை அன்று. ஆகவே அது பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தாக வேண்டும்.

விளக்கு ஏன் அணைந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. என்னுடையதுபோன்ற ஏபி வகை ஆம்ப், தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைச் சூடாகவே வீணாக்கும். 150 வாட் வெளியே வர 270 வாட்டுக்கு மேல் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் அது 20 ஆம்பியர். ஐந்து மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 வோல்ட் விழும். 10 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.17 வோல்ட்தான். சூடாக வீணாக்குவது குறைவான டி வகை ஆம்ப் என்றால் 14 ஆம்பியரே போதும், ஆனால் பழையதில் அது எனக்குக் கிடைக்கவில்லை. பெட்டியில் அடைத்து விற்கும் வயர் கிட்டுகளில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அதே பருமனுக்கு அவற்றின் தடை ஒன்றரை மடங்கு. எனவே மின்சாதனக் கடையில் அசல் செம்பில் 10 சதுர மில்லிமீட்டர் பல இழை வயரை ஐந்து மீட்டர் வாங்கி, நெளிகுழாய்க்குள் செலுத்தி, 30 ஆம்பியர் ஃப்யூஸும் போட்டேன். வயருக்கு 750, ஃப்யூஸும் அதன் கூடும் 200.

ஆம்ப்பைக் காரின் தகட்டோடு இணைக்கும் எர்த் கம்பியும் அதே பருமனில், அரை மீட்டருக்குள். கடல் காற்று படும் நம் ஊரில் இது தனித் தலைவலி. பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டதுதான் என் இரண்டாவது பிழை. அங்கேயும் வோல்ட் விழுந்துகொண்டிருந்தது. தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனையில் மாட்டும் உலோக வளையமான லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

சப்பைப் பொருத்தும் பெட்டிக்கு, மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைதான் வழக்கம். ஆண்டில் இரண்டு பருவமழை காணும் மாவட்டத்தில் அது ஈரம் குடித்து ஊதும் என்பதால், மரவேலை மேஸ்திரியிடம் மிஞ்சிய 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்துகொண்டேன். கூலியோடு 900 ரூபாய். உள்ளளவு 38, 33, 25 சென்டிமீட்டர். ஸ்பீக்கர் அடைக்கும் இடம் போக 28 லிட்டர், அதாவது ஒரு கன அடி. காற்றுப் புகாத மூடிய பெட்டி. ஓட்டை வைத்த பெட்டி சத்தம் கூடுதலாகத் தரும், ஆனால் கணக்குப் பிசகினால் தவில் உலக்கை ஆகிவிடும்.

காரோடு வந்த ஸ்டீரியோவில் சப்புக்கான வெளியீடு இல்லை. கதவு ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னலை எடுத்து ஆம்ப்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் 300 ரூபாய். ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயரை, சாவி திருப்பினால் மட்டும் உயிர்வரும் ஃப்யூஸ் ஒன்றிலிருந்து ஒரு சிறு சுவிட்ச் வழியே எடுத்தேன். சிக்னல் வயரைச் சோம்பலினால் பவர் வயரோடு சேர்த்தே ஓட்டியதில், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ஒரு ரீங்காரம் கேட்டது. மறுபக்கமாக மாற்றியதும் நின்றது.

ஆம்ப்பில் உள்ள கெயின், ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைப்பவர் பலர். பல சப்புகள் எரிவது அதனால்தான். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் பங்கு வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்பின் வெளியீட்டை ஏசி வோல்ட்டில் அளக்க வேண்டும். 150 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 600. அதன் வர்க்கமூலம் 24.5 வோல்ட். மீட்டர் அந்த எண்ணைத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். மேல் ஒலிகளைத் தடுத்துத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். பிறகு சப்பின் இரண்டு வயரையும் மாற்றி மாற்றிக் கேட்டு, அடி கனமாக வந்த பக்கத்தை வைத்துக்கொண்டேன். நம்பர் பிளேட் மட்டும் கடகடத்தது. அதன் பின்னால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன்.

லக், குழாய், திருகு என்று சில்லறையாக 250. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பதில்லை; 35 ஆம்பியர்-மணி பேட்டரி அதைத் தாங்காது. வீட்டில் எழுந்த ஒரே கேள்வி, "இனி ஏத்தங்குலைய எங்க வைப்பிய?" என்பதுதான். கேள்வி நியாயமானதால், ஆம்ப்பைப் பின்சீட்டுக்கு அடியில் திருகிவிட்டு, பெட்டியை ஒரு பிளக்கில் கழற்றும்படி மாற்றியிருக்கிறேன். இந்த வாரம் வாழைக்குலை வெட்டு என்பதால் பெட்டி திண்ணையில் இருக்கிறது.