ஹெரால்டு டிரன்னியன்: வலது பக்கம் வந்தது, இடது பக்கம் வரவில்லை

கோத்தகிரி இறக்கத்துக் காயலாங்கடையில் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் கிடக்கும் இரண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களில், நான்கு கதவு மார்க் 3-இன் முன் வீல் வெர்ட்டிகல் லிங்க்கை (சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத் துண்டு) உருவும் வேலை பாதியில் நிற்கிறது. அம்பாசடர், பத்மினி கூடுகள் அங்கே வரிசையாகக் கிடந்தாலும் அவற்றுக்குச் சாமான் எங்கேயும் கிடைக்கும். ஹெரால்டுக்கு அப்படியில்லை. 1971-லேயே தயாரிப்பு முடிந்துவிட்ட வண்டி.

வெர்ட்டிகல் லிங்க்கின் அடி மரையில் முறுக்கி நிற்கும் உலோகக் கட்டைதான் டிரன்னியன். அதைக் கீழ்க் கையான விஷ்போனோடு பூட்டும் லோயர் டிரன்னியன் போல்ட்தான் வில்லன். நைலான் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு போல்ட் துருவில் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. நட்டு சுலபமாகக் கழன்றுவிடும், போல்ட் தலையும் வழுவழுவென்று சுற்றும். ஏமாந்துவிட வேண்டாம்! உள்ளே குழலும் சேர்ந்து சுற்றுகிறது, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே வராது. டீசல், துரு எண்ணெய் எல்லாம் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டதில் வலது பக்கம் இளகியது. மலைச் சரிவைப் பார்த்த இடது பக்கத்தில் ஈர இலை மக்கி மண்ணாகவே மாறியிருந்தது. அங்கே எண்ணெய் இறங்கவே இல்லை.

சுத்தியலால் அடித்தால் போல்ட் முனை காளான் போல விரியும், தகட்டில் அழுத்திச் செய்த விஷ்போன் காதும் வளையும். அடித்தே தீருவேன் என்பவர்கள் நட்டை முனைக்குச் சமமாக முறுக்கி வைத்துவிட்டு அடிக்கவும். கேஸ் டார்ச் வைத்தால் நைலான் உருகி வழிவிடும், உண்மைதான். ஆனால் காய்ந்த தைல மர இலைக்கு நடுவே, டேங்க்கில் பெட்ரோல் வாடை அடிக்கும் வண்டியில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

மிச்சமிருப்பது அறுப்பதுதான். டிரன்னியனுக்கும் விஷ்போனுக்கும் இடையில் ரப்பர் சீல் அளவுக்கே இடம் உண்டு. கிரைண்டர் வட்டு விஷ்போனைத் தின்றுவிடும். ஃபிரேமிலிருந்து கழற்றிய ஹாக்ஸா பிளேடை, அங்குலத்துக்கு 24 பல் உள்ள பைமெட்டல், துணி சுற்றிக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும். சாதா பிளேடு அந்தப் போல்ட்டில் வழுக்கும். ஸ்பிரிங் ஷாக் அப்சார்பர் மேலேயே உட்கார்ந்திருப்பதால் கம்ப்ரஸர் வேண்டாம். ஆனால் ஷாக்கின் தண்டு துருவில் மெலிந்திருந்தால் கிட்டேயே போகக் கூடாது. அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான்.

வெளியே வந்த வலது லிங்க் தேறவில்லை. வயர் பிரஷ் போட்டதும் மரையின் மேல் சுற்றில் குழிகள் தெரிந்தன. வழக்கமாக உடைவது அந்த இடத்தில்தான். உடைந்தால் சக்கரம் அப்படியே உள்ளே மடங்கிவிடும், கொண்டை ஊசி வளைவில் நினைத்துப் பாருங்கள். காரணமும் தெரிந்ததே: யாரோ வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் மரைக்குள் ஏறாது, இறுகித் தண்ணீரைத்தான் தேக்கும். அங்கே போக வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். டிரன்னியனின் பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, மேலே கசியும்வரை அடிக்க வேண்டும். மலையில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதைச் செய்வது நல்லது.

பூட்டும்போது ஒரு பக்கத்து மரை இடது கை மரை என்பது நினைவில் இருக்கட்டும். டிரன்னியனைக் கடைசிவரை முறுக்கி, பிறகு கொஞ்சம் திரும்ப இளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பிடிக்கும். புதுப் போல்ட்டுக்கு காப்பர் கிரீஸ் தாராளமாகப் பூசலாம், கிரீஸுக்கு உரிய இடம் அதுதான். அதன் மரை யுஎன்எஃப், அதாவது அங்குலக் கணக்கு நுண்மரை; மெட்ரிக் போல்ட்டைத் திணிக்காதீர்கள். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடலாம், பழைய போல்ட்டைக் கையில் எடுத்துப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டு கதவு ஹெரால்டின் சேஸிஸ் அவுட்ரிகர்களை (பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள்) ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்த்ததில் முன்பக்கம் கணீரென்கிறது, பின்பக்கம் பொத்தென்று உள்ளே போகிறது. ஆர்.சி. இருந்தால் அதை முழு வண்டியாகவே எடுக்கலாம். 50 வயது தாண்டி, மாற்றம் செய்யாத வண்டியை 2021 விண்டேஜ் விதிப்படி புதிதாகப் பதிவு செய்தால் 'விஏ' வரிசை எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆர்.சி. இல்லையென்றால் பானெட்டும் பின் லீஃப் ஸ்பிரிங்கும் மட்டும் போதும்.

இடது போல்ட்டுக்கு ஐந்து பிளேடு வாங்கியாயிற்று. வடகிழக்குப் பருவமழை விட்டதும் அறுப்பு.