சேலத்திலும் ஏற்காட்டிலும் மியூவான் எண்ண

அண்டக் கதிர்கள் மேலே காற்றில் மோதும்போது உண்டாகி, தரைவரை பொழியும் நுண்துகள்கள்தான் மியூவான்கள். இளநிலை இயற்பியல் இறுதியாண்டு ஆய்வகத்துக்கு, அவற்றை இரண்டு உயரங்களில் எண்ணி ஒப்பிடுவதைவிட நல்ல புராஜெக்ட் சேலத்துக்காரர்களுக்குக் கிடைக்காது. சுமார் 280 மீட்டர் உயரத்தில் ஊர், அருகிலேயே 1,500 மீட்டரில் ஏற்காடு. மேலே காற்று குறைவு. மியூவான்கள் கூடுதலாக வரும்.

கதிர்வீச்சை எண்ணும் ஜி.எம். (கைகர்-முல்லர்) குழாய் ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட முயலாதீர்கள். அது எண்ணுவதில் பெரும்பகுதி பாறையும் சுவரும் விடும் காமா கதிர்கள். நிமிடத்துக்கு 30 எண்ணிக்கை என்றால், ஒரு நிமிட அளவீட்டில் பிழை √30, அதாவது 18 சதவீதம். தேடும் வித்தியாசமே அதில் மூழ்கிவிடும்.

இரண்டு குழாய்களைப் படுக்கை வசத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக 5 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் துடித்தால் மட்டும் எண்ணும்படி ஒரு ஆண்ட் கேட் (AND gate) சுற்று. துடிப்பு அகலம் 100 மைக்ரோ விநாடி என்றால், தற்செயலாகச் சேர்ந்து விழுவது ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒன்றுதான். ஆனால் எண்ணிக்கை வரும் வேகமும் சரிந்துவிடும். நிமிடத்துக்கு 2 வந்தால், 3 சதவீதத் துல்லியத்துக்குத் தேவையான 1,000 எண்ணிக்கைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு முழுக்க ஓட விடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது வோல்டேஜில். வோல்டேஜை ஏற்றினாலும் எண்ணிக்கை அதிகம் மாறாத பகுதியைக் காட்டும் சமதள வளைவை (plateau) இரண்டு ஊரிலும் தனித்தனியே வரைந்து, அந்தச் சமதளத்தின் தொடக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வோல்டேஜை நிறுத்துங்கள். எண்ணிக்கை திடீரென எகிறினால் உடனே குறையுங்கள். தொடர் மின்னிறக்கம் குழாயைக் கெடுத்துவிடும். மேலே கான்கிரீட் தளம் இருந்தால் இரு ஊரிலும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லையேல் தகரக் கூரை போதும். காற்றழுத்தத்தையும் மணிக்கொரு முறை குறித்துவையுங்கள்.