ரஷ்யாவில் மருத்துவம்: குளிரைவிடக் கடினமானவை

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் படிக்கும் கசான் நகரில் மைனஸ் 20 பாகைக்கும் கீழே இறங்கும் நாள்கள் உண்டுதான். ஆனால் விடுதியிலும் வகுப்பறையிலும் வெந்நீர்க் குழாய்கள் அறையைச் சூடாக வைத்திருப்பதால், நல்ல கோட்டும் பூட்ஸும் இருந்தால் சமாளித்துவிடலாம். சாப்பாடும் பெரிய சிக்கலில்லை, கறிவேப்பிலைக்குத்தான் ஏக்கம். என்னைத் திணறடித்தவை வாய்மொழித் தேர்வும் நோயாளிகளின் பேச்சும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதியே தேறிய நமக்குப் பேசித் தேறுவது புதிது. மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள கேள்விகளுக்குச் சிறிது நேரம் குறிப்பெழுதிக்கொண்டு, பேராசிரியரின் எதிரே அமர்ந்து விளக்க வேண்டும். உடற்கூறியல் தேர்வில் நான் மளமளவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, அவர் ஓர் எலும்பைக் கையில் கொடுத்து, அது வலப்பக்கத்து எலும்பா, இடப்பக்கத்து எலும்பா என்று கேட்டார். மனப்பாடம் அந்த இடத்தில் உதவாது. மதிப்பெண் 5க்குத்தான், 2 என்றால் தோல்வி. காய்ச்சலால் தவறவிட்ட வகுப்பையும் பிறகு தனியாக வந்து ஈடுசெய்தாக வேண்டும். கெடுபிடிதான் என்றாலும், பாடம் தங்கியது அதனால்தான் என்பேன்.

மூன்றாம் ஆண்டில் வார்டுக்குப் போகத் தொடங்கினோம். சேர்க்கையின்போது முகவர்கள் சொல்லும் 'ஆங்கில வழி' பொய்யில்லை, ஆனால் அது வகுப்பறை வாசலோடு முடிந்துவிடுகிறது. கட்டிலில் இருப்பவர் ரஷ்ய மொழியில் பேசுகிறார், வயதானவர்களிடம் இடையிடையே இந்தப் பகுதியின் தாத்தார் மொழியும் கலந்து வருகிறது. பெரியவர்களை அவர்கள் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பதே மரியாதை என்பதால், உள்ளே நுழையுமுன் கட்டில் வரிசைப்படி பெயர்களை மனத்தில் பதித்துக்கொள்வேன். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எங்கேனும் பரவுகிறதா என்ற கேள்விகளை அறைத்தோழர்கள் மாறி மாறி நோயாளியாக நடித்துப் பழகினோம். கேட்கப் பழகிய பிறகும், பதில் வேகமாக வந்தால் பாதிதான் பிடிபடும். மருத்துவர் கைப்பட எழுதிய நோய்க் குறிப்போ ஒரே அலைக்கோடாகத் தெரியும்.

இதற்கிடையே இந்தியத் தேர்வும் இருக்கிறது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் வெளிநாட்டில் ஒரே கல்லூரியில் முடித்தாலும், இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். அதுவோ முழுக்கக் கொள்குறி வினாக்கள். ஆகவே, பகலில் எந்தத் துறை வார்டில் நிற்கிறேனோ, இரவில் அந்தத் துறையின் வினாக்களையே போட்டுப் பார்க்கிறேன்.